மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள்: டரான்டுலா குஞ்சு சட்டை கழற்றி வளரும் காலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உங்கள் டரான்டுலா (முடி அடர்ந்த பெரிய சிலந்தி) குஞ்சு மல்லாந்து கிடக்கிறதா? அது சாகவில்லை, வளர்வதற்காகச் சட்டை கழற்றுகிறது. தொடாதீர்கள், திருப்பிப் போடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். டப்பாவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய் ஒரு டீ போட்டுக் குடியுங்கள். அவசரத்தில் தேடி வந்தவர்களுக்கு இவ்வளவு போதும். மீதியை நாளைக்குப் படிக்கலாம்.

நான் வாங்கிய முதல் குஞ்சு என் கையால்தான் செத்தது. லண்டனில் ஒரு வாடகை அறை, டிசம்பர் மாதம். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத சிலந்தி, எட்டுக் காலையும் மேலே விரித்துக் கிடந்தது. பாவம், விழுந்துவிட்டது போல என்று பெயின்ட் பிரஷ் நுனியால் புரட்டி நேராக்கினேன். பாதி கழன்ற சட்டைக்குள் கால்கள் மாட்டிக்கொண்டன. மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் இந்த வழிகாட்டியில் 'செய்யாதீர்கள்' கொஞ்சம் அதிகமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எந்தக் குஞ்சு?

நான் இங்கே எடுத்துக்கொள்வது கர்லி ஹேர் என்று கடைகளில் விற்கும் சுருள்முடி டரான்டுலாவை. அறிவியல் பெயர் ட்லில்டோகாட்ல் அல்போபிலோசஸ். முன்பு பிராகிபெல்மா என்ற பேரினத்தில் இருந்தது, பிறகு பிரித்துவிட்டார்கள். ட்லில்டோகாட்ல் என்பது மெக்சிகோவின் நாவாட்ல் மொழியில் இருந்து எடுத்த சொல், 'கருஞ்சிலந்தி' என்று பொருள். சொந்த ஊர் நிகராகுவா, கோஸ்டா ரிக்கா பக்கம். தரையில் வளை தோண்டி வாழும் வகை. சாதுவானது, நன்றாகச் சாப்பிடும், புதிதாக வளர்ப்பவரின் தவறுகளைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். குஞ்சாக வாங்கும்போது கால் விரிப்பு ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். முழுதாக வளர்ந்தால் 13 முதல் 15 சென்டிமீட்டர் வரும்.

கால் விரிப்பு என்றால் முன்பக்கத்து ஒரு கால் நுனியில் இருந்து குறுக்கே எதிர்ப்புறப் பின்கால் நுனி வரை உள்ள அளவு. டரான்டுலாவை எப்போதும் இப்படித்தான் அளப்பார்கள். டப்பாவின் அடியில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் போதும், சிலந்தியைக் கையில் எடுக்க வேண்டியதே இல்லை.

மெக்சிகோவின் செங்கால் முட்டி, தங்கமுட்டி சாக்கோ போன்ற தரைவாழ் வகைகளுக்கும் கீழே சொல்வது அநேகமாக அப்படியே பொருந்தும். அவை இன்னும் மெதுவாக வளரும், அவ்வளவுதான். மரத்தில் வாழும் அவிகுலாரியா வகைக் குஞ்சுகள் வேறு கதை. அவற்றுக்கு உயரமான டப்பாவும் குறுக்கே ஓடும் காற்றோட்டமும் வேண்டும். ஈரமும் புழுக்கமுமாக அடைத்து வைத்தால் செத்துப்போகும். முதல் சிலந்தியாக அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும் இடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: இது வளர்ப்பில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா? மெக்சிகோவின் பிராகிபெல்மா ஸ்மித்தி, செல்லப்பிராணி வியாபாரத்துக்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு, 1985இலேயே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்குப் போன சிலந்தி. நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. ராமேஸ்வரம் வட்டாரத்தில் மரப் பொந்துகளில் வாழும் போசிலோதீரியா ஹனுமாவிலாசுமிகா 2004இல்தான் அறிவியலுக்குத் தெரிய வந்தது. அங்குள்ள ஓர் அனுமன் கோவிலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். இன்று அது அழியும் விளிம்பில் இருக்கிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் மட்டுமே வாழும் அந்தப் பேரினம் முழுவதும் 2019இல் சைட்ஸ் பட்டியலில் சேர்ந்தது. ஊருக்குப் போன இடத்தில் புளியமரப் பொந்தில் பார்த்தேன் என்று ஒன்றைப் பிடித்து டப்பாவில் போடுவது வளர்ப்பு ஆகாது. தவிர, அவற்றின் கடி நாள்கணக்கில் தசைப்பிடிப்பில் தள்ளும். இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டத்தின்படி, சைட்ஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். வாங்குவதற்கு முன்பே அந்தக் காகித வேலையை விசாரித்துவிடுங்கள்.

வீடு: சின்னதாக, ஆழமாக

குஞ்சுக்குப் பெரிய கண்ணாடித் தொட்டி வேண்டாம். அதற்குள் அது காணாமல் போய்விடும், போட்ட இரையும் அதன் கையில் சிக்காது. சட்னி பார்சல் தரும் சின்ன பிளாஸ்டிக் டப்பா போதும், 100 மில்லி பிடிக்கிற மாதிரி. ஒளி ஊடுருவ வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பக்கவாட்டிலும் மூடியிலும் சூடாக்கிய ஊசியால் ஓட்டைகள் போடுங்கள். உள்ளிருந்து வெளியே குத்தினால் கூரான விளிம்பு வெளிப்பக்கம் போய்விடும். ஓட்டை, சிலந்தியின் தலைப்பகுதியைவிடச் சிறியதாக இருக்கட்டும். தலை நுழைந்தால் மீதி உடம்பும் நுழையும். இதை நான் சோபாவுக்கு அடியில் தவழ்ந்து தேடிக் கற்றுக்கொண்டேன்.

உள்ளே தென்னை நார்த்தூள். தோட்டக் கடையில் செங்கல் மாதிரி அழுத்தி விற்பார்கள், தண்ணீரில் ஊறவைத்தால் உப்பிவிடும். உரம் கலந்த மண் வேண்டவே வேண்டாம். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அதை டப்பாவின் முக்கால் உயரத்துக்கு நிரப்பி லேசாக அமுக்கி, ஓரத்தில் பென்சிலால் சாய்வாக ஒரு குழி விடுங்கள். குஞ்சு அதையே வீடாக்கிக்கொள்ளும். குழிக்கு மேல் ஒரு துண்டு மரப்பட்டை வைத்தால் இன்னும் நல்லது.

ஆழமாக நிரப்பச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தோண்டி ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். இன்னொன்று, மண்ணுக்கும் மூடிக்கும் நடுவில் இடைவெளி குறையும். டரான்டுலாவின் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. சுவரில் ஏறித் தவறி விழுந்தால் கிழிந்துவிடும், கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. தரைவாழ் சிலந்திக்குத் தலைக்கு மேல் இருக்கும் இடம் அதன் கால் விரிப்பைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பத்துக்கென்று தனியாக எதுவும் வேண்டாம். நீங்கள் சட்டை போட்டுக்கொண்டு சுகமாக உட்கார முடிகிற அறை என்றால், 20 முதல் 27 டிகிரிக்குள், அதற்கும் சுகம். டப்பாவுக்கு அடியில் வெப்பப் பாய் வைப்பது ஆபத்து. சிலந்தி சூட்டில் இருந்து தப்பிக்கக் கீழே தோண்டும். அங்கேதான் சூடு இன்னும் அதிகம்.

தண்ணீர்தான் குஞ்சு வளர்ப்பின் உயிர்நாடி. பெரிய சிலந்திக்கு உடலின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது, ஈரத்தை அது காத்துக்கொள்ளும். குஞ்சுக்கு அந்தப் பூச்சு மெல்லியது, உடம்பும் சிறியது, சீக்கிரம் வற்றிவிடும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் ஒரு வாரத்தில் மண் பொரிகடலை மாதிரி காய்ந்துவிடுகிறது. ஆகவே மண்ணில் ஒரு மூலையை மட்டும் எப்போதும் ஈரமாக வைத்திருங்கள். சிரிஞ்சால் ஓரமாகத் தண்ணீர் விட்டால் அடிவரை இறங்கும். மறு மூலை காய்ந்தே இருக்கட்டும். எங்கே உட்காருவது என்பதை அது முடிவு செய்யும். முழு டப்பாவும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சையும் உண்ணிகளும் வரும், குஞ்சு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் பெரிதானதும் பாட்டில் மூடியில் தண்ணீர் வையுங்கள். மூழ்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், மூடி ஆழத் தண்ணீரில் அது மிதக்கும்.

ஒரு எச்சரிக்கை, நம் வீடுகளுக்கு ரொம்பவே முக்கியம். கொசுவத்தி, கொசுவிரட்டி திரவம், கரப்பான் ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ், பூனை நாய்க்குப் போடும் உண்ணி மருந்து, இவை எல்லாம் பூச்சியைக் கொல்லச் செய்தவை. சிலந்திக்கு அதில் விதிவிலக்கு கிடையாது. பூனையின் கழுத்தில் மருந்து தடவிய கையோடு டப்பாவைத் திறக்காதீர்கள். சாயந்திரம் கொசுவத்தி ஏற்றும் வீடு என்றால் சிலந்தியை எந்த அறையில் வைப்பது என்று யோசித்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

தீனி

வாரம் இரண்டு முறை. இரையின் அளவு குஞ்சின் வயிற்றைத் தாண்டக் கூடாது. பழ ஈ, புதிதாகப் பொரித்த சுவர்க்கோழிக் குஞ்சு, சின்னக் கரப்பான் குஞ்சு எல்லாம் சரி. அவ்வளவு சின்னதாகக் கிடைக்காவிட்டால் பெரிய சுவர்க்கோழியைக் கொன்று ஒரு கால் துண்டையோ, உணவுப்புழுவை நறுக்கி ஒரு துண்டையோ வளை வாசலில் வையுங்கள். செத்த இரையையும் குஞ்சு தின்னும். முதல் முறை இதைப் பார்த்தபோது நான் நம்பவில்லை. காலையில் துண்டு இருந்த இடத்தில் கடுகு அளவில் ஒரு சக்கை உருண்டை கிடந்தது.

தின்னாமல் விட்டதை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். செத்த துண்டு பூஞ்சை பிடிக்கும். உயிருள்ள சுவர்க்கோழியோ, பசித்தால் எதையும் கடிக்கும். சட்டை கழற்றி மெத்தென்று கிடக்கும் சிலந்திதான் அதற்குக் கிடைக்கக்கூடிய சுலபமான சாப்பாடு. வேட்டையாட வந்தது வேட்டையாகிப் போவது இந்த ஒரு நேரத்தில்தான்.

வீட்டைச் சுற்றித் திரியும் பூச்சிகளைப் பிடித்துப் போடாதீர்கள். அவை எந்த மருந்தின் மேல் நடந்து வந்தன என்று உங்களுக்குத் தெரியாது.

சட்டை எப்போது கழற்றும்?

பாம்புக்குச் சட்டை என்றால் வெறும் மேல்தோல். சிலந்திக்கு அதுதான் எலும்புக்கூடு. கைட்டின் என்ற கெட்டியான பொருளால் ஆன அந்தக் கூடு ஒருமுறை இறுகினால் பிறகு நீளாது, அகலாது. உள்ளே உடம்பு வளர்கிறது, வெளியே கூடு அப்படியே நிற்கிறது. ஆகவே பழைய கூட்டுக்கு அடியில் புதிய கூடு ஒன்று மடிப்பு மடிப்பாக உருவாகிறது. அது தயாரானதும் பழையதைக் கழற்றி எறிய வேண்டும். கழற்றுவது மேலே தெரியும் உறையை மட்டும் அல்ல. நச்சுப்பற்கள், உணவை உறிஞ்சும் வயிற்றின் உள்வரி, ஏட்டு நுரையீரலின் (புத்தக ஏடுகள் மாதிரி அடுக்கிய மூச்சு உறுப்பு) தாள்கள், பெண் சிலந்தி என்றால் விந்துப் பையின் உள்வரி, எல்லாமே கழன்று வரும். எனக்கு இன்றைக்கும் இது அதிசயம்தான். உள்ளே இருக்கும் நுரையீரலின் உறையையும் சேர்த்து ஒரு சட்டை மாதிரி கழற்றிப் போட்டுவிட்டு நடந்து போகிறது.

குஞ்சுப் பருவத்தில் நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றும். வளர வளர இடைவெளி கூடி, மாதங்களாகும். வளர்ந்த பெண் வருடத்துக்கு ஒருமுறை, சில சமயம் அதைவிடவும் தாமதமாகக் கழற்றும். அறை சூடாக இருந்து தீனியும் நிறையப் போட்டால் இடைவெளி குறையும். அதற்காக வேண்டுமென்றே திணிக்காதீர்கள். வயிறு, தலைமார்பைப்போல (தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்த முன்பகுதி) ஒன்றரை மடங்கானால் போதும், தீனியைக் குறைத்துவிடலாம். பானை வயிற்றோடு அலையும் சிலந்திக்கு ஒரு சின்ன விழுதலே எமன்.

அறிகுறிகள் இவை. முதலில் சாப்பாட்டை ஒதுக்கும். நேற்று வரை பாய்ந்து பிடித்தது இன்று இரையைக் கண்டால் பின்வாங்கும். வயிறு உப்பி, தோல் இழுத்துக் கட்டிய மாதிரி பளபளக்கும். குஞ்சின் வயிற்றின் மேல்பக்கம் இருக்கும் சின்ன வட்டம் கறுத்துவிடும். கொஞ்சம் பெரியவற்றில் முடி உதிர்ந்த வழுக்கை இருந்தால் அது சதை நிறத்தில் இருந்து நீலக்கறுப்பாக மாறும். அடியில் தயாராகும் புதிய முடிகள்தான் அப்படித் தெரிகின்றன. நடமாட்டம் குறையும். மொத்த உடல் நிறமும் மங்கி, துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ஒருநாள் காலையில் வளை வாசல் மண்ணால் அடைத்திருக்கும். புதியவர்கள் எல்லோரும் கலங்குவது இந்த இடத்தில்தான். உள்ளே செத்துவிட்டதோ, மண் சரிந்துவிட்டதோ, தோண்டிப் பார்க்கலாமா? வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வேலை நடக்கிறது. என் குஞ்சு ஒன்று ஐந்து வாரம் வெளியே வரவில்லை. நான் செய்ததெல்லாம் மூன்று நாளுக்கு ஒருமுறை ஈர மூலையில் தண்ணீர் விட்டது மட்டும். ஆறாவது வாரம் ஒரு சுற்றுப் பெரிதாக, பளிச்சென்று வாசலில் வந்து உட்கார்ந்தது.

இந்தக் காலத்தில் உங்கள் வேலை மூன்றுதான். தீனி போடுவதை நிறுத்துங்கள். உள்ளே உயிருள்ள இரை இருந்தால் வெளியே எடுங்கள். ஈர மூலை காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது டப்பாவுக்கு மாற்றுவது, அலமாரியை இடம் மாற்றுவது எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கழற்றும் அந்த இரவு

பெரும்பாலும் இரவில்தான். முதலில் தரையில் நூலால் ஒரு பாய் பின்னும். சும்மா நாலு இழை அல்ல, வெள்ளையாகத் தெரியும் அடர்த்தியான பாய். பிறகு மெதுவாக அதன் மேல் மல்லாந்து படுக்கும். சின்னக் குஞ்சுகள் சில பக்கவாட்டிலோ குப்புறவோ இருந்தும் கழற்றும், அதுவும் சரிதான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. உள்ளே என்ன நடக்கிறது என்றால், வயிற்றில் இருக்கும் இரத்தத்தைத் தலைமார்புப் பக்கம் தள்ளுகிறது. அழுத்தம் ஏறி, முதுகு ஓட்டின் விளிம்பு வெடித்து, பாத்திரத்தின் மூடி மாதிரி ஓடு திறந்துகொள்ளும். பிறகு கால்கள். விட்டு விட்டு, மூச்சு வாங்குவது மாதிரி, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு இம்மி வெளியே வரும். விரல் விரலாகக் கையுறையைக் கழற்றுவதுபோல எட்டுக் கால்களையும், வாய்க்குப் பக்கத்தில் குட்டிக் கால் மாதிரி இருக்கும் இரண்டு உணர்கைகளையும் ஒரே நேரத்தில் உருவ வேண்டும். வெளியே வரும் கால்கள் வெளிறி, ஈரமாக, துவண்டிருக்கும். சின்னக் குஞ்சுக்கு அரை மணியில் முடிந்துவிடலாம், பெரியதற்கு அரை நாள்கூட ஆகலாம்.

பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். மங்கலான வெளிச்சத்தில், தூரத்தில் இருந்து. டப்பாவைத் தட்டாதீர்கள். போனில் படம் எடுக்க மூடியைத் திறக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். ஈரம் போதவில்லையோ என்று கடைசி நிமிடத்தில் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். சட்டை சுலபமாகக் கழல்வதற்கான ஈரம் அது முந்தைய வாரங்களில் குடித்து வைத்த தண்ணீரில் இருந்துதான் வருகிறது. அன்றைக்குத் தெளிக்கும் தண்ணீர் பயந்து நெளிய வைக்கும், வேறு பலன் இல்லை.

மல்லாந்து கிடப்பதையும் சாவையும் எப்படிப் பிரித்தறிவது? சாகும் சிலந்தி பெரும்பாலும் நேராக உட்கார்ந்தபடியே, கால்களை வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும், மூடிய கைமுட்டி மாதிரி. சிலந்தியின் காலில் முக்கிய மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது. இரத்த அழுத்தத்தால்தான் நீட்டுகிறது, மண்வாரி எந்திரத்தின் கை நீள்வதைப்போல. உடலில் நீர் வற்றினால் அழுத்தம் விழும், கால்கள் தானாக உள்ளே மடங்கும். அப்படிச் சுருண்டிருந்தால், அது சட்டை கழற்றவில்லை என்று உறுதியானால், அப்போது மட்டும் நீங்கள் தலையிடலாம். ஈரமான டிஷ்யூ காகிதம் விரித்த சின்ன டப்பாவில் மெல்ல மாற்றி, வாய்ப்பகுதி ஈரத்தைத் தொடுகிற மாதிரி விட்டு வையுங்கள். நீரிழப்புதான் காரணம் என்றால் சில மணி நேரத்தில் கால்கள் மெல்ல விரியத் தொடங்கும்.

பாதியில் மாட்டிக்கொண்டால்

இது வரக்கூடாத நிலைமை, ஆனால் வரும். முதல் வேலை, உண்மையிலேயே மாட்டியிருக்கிறதா என்று உறுதி செய்வது. இடையிடையே ஓய்வெடுப்பது அதன் வழக்கம்தான். பல மணி நேரமாக ஒரு இம்மிகூட நகராமல், வெளியே வந்த பகுதி நிறம் ஏறி இறுகத் தொடங்கிவிட்டால்தான் அது சிக்கல். அப்போது மெல்லிய தூரிகையில் வெதுவெதுப்பான நீரோ, நீர் கலந்த கிளிசரினோ தொட்டு, பழைய சட்டை ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் தடவி ஊறவிடுங்கள். வயிற்றின் அடியில் இருக்கும் ஏட்டு நுரையீரலின் பிளவுகளில் ஈரம் படக் கூடாது. இழுக்காதீர்கள். ஊறியதும் அதுவே உருவிக்கொள்ளப் பாருங்கள்.

ஒரு கால் மட்டும் மாட்டினால் அவ்வளவு கவலை இல்லை. சிலந்தி அந்தக் காலைத் தானே அடியோடு கழற்றிவிட்டுப் போய்விடும். அடுத்த சட்டையில் அந்த இடத்தில் ஒரு குட்டிக் கால் முளைத்திருக்கும், அதற்கடுத்த சட்டைகளில் மற்ற கால்களின் அளவுக்கு வந்துவிடும். முதுகு ஓடோ உறிஞ்சு வயிற்றின் உள்வரியோ மாட்டினால் பிழைப்பது கடினம். அதில் உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ள வேண்டாம். அடுத்த குஞ்சுக்கு மாதக்கணக்கில் ஈரம் சரியாக இருந்ததா என்று மட்டும் பாருங்கள்.

கழற்றிய பிறகு

புதிய சட்டை ஈரக் காகிதம் மாதிரி இருக்கும். சில மணி நேரம் மல்லாந்தபடியோ, பிறகு நேராகத் திரும்பிக் கால்களை நீட்டி மடக்கியபடியோ கிடக்கும். அந்தக் கால் பயிற்சி பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் காரணத்தோடு செய்வது. மூட்டுகள் இறுகும்போது வளையும் நிலையிலேயே இறுக வேண்டும் அல்லவா.

எப்போது தீனி போடலாம் என்பதை நாள் எண்ணிப் பார்க்காதீர்கள், நச்சுப்பல்லைப் பாருங்கள். கழற்றியவுடன் பல் வெள்ளையாக, கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு சிவக்கும். கடைசியில் மை போட்ட மாதிரி கறுக்கும். கறுத்த பிறகுதான் அது இரையைக் குத்தும் அளவுக்கு உறுதியாகும். சின்னக் குஞ்சுக்கு நான்கைந்து நாள் முதல் ஒரு வாரம், விரல் நீளச் சிலந்திக்குப் பத்துப் பன்னிரண்டு நாள், பெரியதற்கு இரண்டு வாரத்துக்கும் மேல். ஒளிந்திருப்பதால் பல் தெரியவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். பசியால் ஒரு டரான்டுலாவும் ஒரு வாரத்தில் செத்ததில்லை. முதல் சாப்பாடு சின்னதாக, கொன்ற இரையாக இருக்கட்டும்.

தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டாம். கழற்றிய மறுநாளே மூடியை நிரப்பி வையுங்கள்.

வீடு மாற்றுவது

கால் விரிப்பு டப்பாவின் அகலத்தில் பாதியைத் தொட்டுவிட்டால் பெரிய வீட்டுக்கு நேரம் வந்துவிட்டது. புது வீடு கால் விரிப்பைப்போல மூன்று, நான்கு மடங்கு அகலம் இருந்தால் இன்னும் சில சட்டைகளுக்குத் தாங்கும். சட்டை கழற்றிப் பல் கறுத்து, ஒருமுறை சாப்பிட்ட பிறகு மாற்றுவதுதான் நல்ல நேரம்.

பழைய டப்பா, புதுப் பெட்டி இரண்டையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள். ஓடினாலும் தொட்டிக்குள்தான் ஓடும். குளியலறையில் செய்கிறவர்கள் முதலில் வடிகால் ஓட்டையை அடையுங்கள். கையில் ஒரு தூரிகையும் ஒளி ஊடுருவும் கோப்பையும். சிலந்தியின் முன்னால் கோப்பையை வைத்து, பின்கால்களைத் தூரிகையால் லேசாக வருடினால் நடந்து உள்ளே போகும். விரலால் தள்ளாதீர்கள். குஞ்சு எவ்வளவு வேகமாக ஓடும் என்று முதல் தடவை பார்க்கும்போது மூச்சே நின்றுவிடும். அது என் கைமேல் ஏறி, முழங்கையைத் தாண்டித் தோளுக்குப் போனதை நான் பார்க்கவே இல்லை, உணர்ந்தேன்.

வளர வளர இன்னொரு விஷயம் சேரும். அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்கள் பலவற்றுக்கு வயிற்றில் அரிக்கும் முடிகள் உண்டு. பயந்தால் பின்காலால் உதைத்துத் தூவும். தோலில் பட்டால் சொரியாந்தழை பட்டது மாதிரி அரிக்கும். கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. 2009இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒருவர் வாரக்கணக்காகச் சிவந்திருந்த கண்ணோடு மருத்துவர்களிடம் போனார். கருவிழியில் மெல்லிய முடிகள் குத்தி நின்றன. கண்ணாடித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவருடைய சிலி ரோஜா டரான்டுலா தூவியவை அவை. ஆகவே குனிந்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சுத்தம் செய்யாதீர்கள், முடித்ததும் கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். கழற்றிப் போட்ட சட்டையின் வயிற்றிலும் அந்த முடிகள் இருக்கும். அதை இடுக்கியால் எடுங்கள்.

கழற்றிய சட்டையை எறியாதீர்கள்

ஒவ்வொரு சட்டையையும் நான் தீப்பெட்டியில் போட்டுத் தேதி எழுதி வைக்கிறேன். முதல் சட்டை ஒரு கொசு மாதிரி இருக்கிறது. பதினோராவது சட்டை உள்ளங்கையில் பாதியை அடைக்கிறது. வளர்ச்சியை ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல நோட்டுப் புத்தகம் கிடையாது. எத்தனாவது சட்டை என்று விற்பவர் சொல்லும் கணக்கை நம்புவதைவிட, சட்டை கழன்ற தேதியையும் கால் விரிப்பையும் நீங்களே எழுதி வைப்பது பயன்படும். அடுத்தது எப்போது என்று ஓரளவு ஊகிக்க முடியும்.

ஆணா பெண்ணா என்று தெரிவதும் இந்தச் சட்டையில் இருந்துதான். கால் விரிப்பு ஐந்து சென்டிமீட்டரைத் தொட்ட பிறகு முயன்று பாருங்கள், அதற்கு முன் நுண்ணோக்கி இருந்தாலும் கண்ணைக் கட்டும். காய்ந்த சட்டையைப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் துணி மாதிரி மென்மையாகும். வயிற்றுப் பகுதியைக் கண்ணாடித் துண்டின் மேல் உட்புறம் தெரியும்படி இரண்டு தூரிகைகளால் விரியுங்கள். நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும், அவை ஏட்டு நுரையீரல்கள். மேல் இரண்டு திட்டுகளுக்கு நடுவே குறுக்கே ஒரு மடிப்பு ஓடும். அங்கே உருப்பெருக்கியில் தனியாக எழுந்து நிற்கும் ஒரு சின்னப் பை தெரிந்தால் பெண். ஒன்றும் இல்லாமல் வழவழவென்று இருந்தால் பெரும்பாலும் ஆண், அடுத்த சட்டையிலும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பெண் என்றால் நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகள்கூட உங்களோடு இருக்கலாம். ஆண் சில ஆண்டுகளில் ஒரு கடைசிச் சட்டை கழற்றும். அதன்பின் முன்கால்களில் கொக்கி மாதிரி இரண்டு முட்கள், உணர்கைகளின் நுனியில் குத்துச்சண்டைக் கையுறை மாதிரி குமிழ்கள். வளையில் தங்காது, பெட்டியின் சுவரோரமாக இரவெல்லாம் நடக்கும், சாப்பாட்டில் மனம் போகாது. பெண்ணைத் தேடும் நடை அது. பெண் வைத்திருக்கும் வளர்ப்பாளர் யாரையாவது தெரிந்தால் இனப்பெருக்கத்துக்குக் கொடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் மூடியை நிரப்பிவிட்டு, வாரம் ஒரு சின்ன இரையை வைத்துப் பாருங்கள். தின்றால் தின்னட்டும், இல்லாவிட்டால் மறுநாள் எடுத்துவிடுங்கள்.